ழகரம் கேட்கும் பெட்டி

சென்ற குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஓக்லாந்தில் ஒலிபெருக்கி விற்கும் கடை ஒன்றுக்குப் போனேன். அங்கே கேட்பதற்கென்றே ஒரு தனி அறை. தடித்த கம்பளம், சுவர்களில் பஞ்சுப் பலகைகள், நடுவில் இரண்டு தோல் கதிரைகள். எதிரே அப்பாவின் நெஞ்சு உயரத்துக்கு இரண்டு கறுப்புப் பெட்டிகள். விற்பனையாளர் நல்ல மனிதர். என்ன இசை கேட்பீர்கள் என்று விசாரித்தார். செவ்வியல் இசை என்றேன். அது நான் விட்ட பிழை. அவர் முகம் மலர்ந்து மாலரின் சிம்பொனி ஒன்றைப் போட்டார். அடுத்து, குழாய் ஓர்கன். தரை அதிர்ந்தது. என் நெஞ்சுக்கூட்டுக்குள் ஏதோ அசைந்தது. அந்தப் பெட்டிகளின் விலையில் ஒரு பழைய கார் வாங்கலாம்; ஏன் அவ்வளவு விலை என்பது அந்த அதிர்வில் விளங்கியது.

அப்பாவுக்கு வயது 84. இரண்டு காதிலும் கருவி.

“கேக்குதோ அப்பா?”

“கேக்குது. நல்லா முழங்குது.” கொஞ்சம் பொறுத்து, “இதிலை ஒருத்தரும் பாடமாட்டினமோ?” என்றார்.

என் கைபேசியில் இருந்த எம். எம். தண்டபாணி தேசிகரின் தேவாரப் பதிவு ஒன்றைப் போடும்படி கேட்டேன். அப்பா அறுபது வருடமாகக் கேட்டுவரும் குரல். ஊரில் விடியற்காலையில் முகம் கழுவும்போது, வேலைக்குப் போக முன்னர், பின்னேரம் விளக்கு வைக்கும்போது எங்கள் வீட்டில் ஒலித்த குரல். அந்தப் பெரிய பெட்டிகளிலிருந்து அது வந்தது. பெரிதாக வந்தது. அப்பா தலையைச் சாய்த்து ஒரு நிமிடம் கேட்டார்.

“ஆர் தம்பி பாடுறது?”

நான் பதில் சொல்லவில்லை. விற்பனையாளருக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தோம்.

இரண்டு வருடங்களாக அப்பா பாட்டுக் கேட்பதை விட்டிருந்தார். கேட்டால் “காது போட்டுது” என்பார். காது மருத்துவரும் அதைத்தான் வரைபடமாகக் காட்டினார்: 3000 ஹெர்ட்ஸ் வரை சுமாராகப் போகும் கோடு, பிறகு படி இறங்குவதுபோல் சரிகிறது. வயதானால் அப்படித்தான். ஆனால் அன்று கடையில் எனக்கு வேறொரு சந்தேகம் வந்தது. குற்றம் முழுவதும் காதில்தானா? வேறோர் இசைக்காக, வேறோர் அளவுகோலை வைத்துச் செய்யப்பட்ட பெட்டியிடம் போய் எங்கள் இசையைக் கேட்கிறோமா? அந்தச் சந்தேகத்தின் பின்னால் போனதுதான் இந்தக் கட்டுரை.

*

நல்ல ஒலிபெருக்கி எது என்ற கேள்விக்கு மேற்கத்தியச் செவ்வியல் இசை கேட்பவரிடம் ஒரு நேர்மையான பதில் உண்டு. மூல ஒலிக்கு எது கிட்டவோ அது. அந்த மூல ஒலி எங்கே இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். இங்கே குயின் வீதியில், 1911இல் திறக்கப்பட்ட ஓக்லாந்து நகர மண்டபத்தில் இருக்கிறது. லைப்சிக் மண்டபத்தைப் பின்பற்றி, சப்பாத்துப் பெட்டிபோல நீள்சதுரமாகக் கட்டியது. வியாழக்கிழமை இரவு ஓக்லாந்து பில்ஹார்மோனியா அதில் வாசிக்கும்போது ஒலிவாங்கியும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. மரமும் தந்தியும் மூச்சும் சுவரும் மட்டும். 2010இல் ஜேர்மனியின் கிளைஸ் நிறுவனம் திருத்திக் கட்டிய ஓர்கனும் அப்படியே. வியாழன் இரவு அங்கே கேட்டவர் வெள்ளிக்கிழமை வீட்டில் அதே இசையைப் போட்டு, பெட்டி எவ்வளவு பொய் சொல்கிறது என்று அளந்துகொள்ளலாம். ஐம்பதுகளில் குவாட் நிறுவனத்தார் தங்கள் ஒலிபெருக்கியை மூல ஒலியை நெருங்கும் கருவி என்று விளம்பரம் செய்தபோது, வாங்குபவருக்கு அந்த மூலம் தெரிந்திருந்தது.

எங்கள் மூலம் எங்கே?

ஓக்லாந்தில் கர்நாடக இசைக் கச்சேரி நடப்பது பெரும்பாலும் பாடசாலை மண்டபங்களில். போன வருடம் அப்படி ஒன்றில் ஐந்தாவது வரிசையில் இருந்தேன். பாடகரின் உதடு என் முன்னே அசைந்தது. குரல் இடது பக்கம் ஐந்து மீற்றர் தள்ளி, ஒரு முக்காலியில் நின்ற பெட்டியிலிருந்து வந்தது. வயலின் வலது பக்கம் இருந்தும் அதே பெட்டியிலிருந்துதான் வந்தது. மிருதங்கத்தின் இரண்டு பக்கங்களுக்கும் தனித்தனி ஒலிவாங்கி. தொப்பி விழும்போதெல்லாம் மண்டபம் சினிமாப் பாட்டுக்கு அதிர்வதுபோல அதிர்ந்தது. தம்புரா கைபேசியில் இருந்து நேரே கம்பி வழியாக ஒலிக்கருவிக்குள் போனது. நல்ல பாடகர், நல்ல காம்போதி. ஆனால் அவர் கீழ் ஸ்தாயியில் மெல்ல இறங்கியபோது ஒலிப்பதிவுத் தம்பி குமிழைத் திருகிக் குரலை மேலே ஏற்றிவிட்டார். பாடகர் மறைக்க நினைத்ததை அவர் காட்டிவிட்டார். இடைவேளையில் பலரும் சவுண்ட் நல்லாயிருக்கு என்றார்கள். சத்தமாக இருந்தது என்பது அதன் பொருள்.

இதற்கு அந்தத் தம்பியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எங்கள் சங்கீதம் ஒலிவாங்கியோடு தொண்ணூறு வருடம் குடித்தனம் நடத்திவிட்டது. 1933இல் இறந்த எஸ். ஜி. கிட்டப்பா நாடக மேடையில் உச்சச் சுருதியில் பாடிக் கடைசி வரிசைவரை கேட்கச் செய்த காலம் ஒன்று. முப்பதுகளில் ஒலிவாங்கி வந்ததும் சுருதி இறங்கியது. கத்த வேண்டிய அவசியம் போனது. குரலுக்குள் இருந்த சிறு அசைவுகளைக் காட்ட முடிந்தது. அது பெரிய இலாபம். ஒரு கட்டைக்கும் கீழே ஆறுதலாகப் பாடிய எம். டி. ராமநாதனை ஒலிவாங்கி இல்லாத பெரிய மண்டபத்தில் கற்பனை செய்ய முடியாது. ஆகவே ஒலிவாங்கி இல்லாத பொற்காலத்துக்காக நான் அழவில்லை. நான் சொல்வது ஒன்றுதான்: எங்கள் மண்டபத்தில் கேட்பதே ஒலிபெருக்கியின் ஒலி. அதை மூலமாக வைத்து வீட்டுக்கு ஒலிபெருக்கி தேடினால், நகலுக்கு நகல் தேடுகிறோம்.

மூலம் வேறெங்கோ இருக்கிறது. குருவின் வீட்டுத் திண்ணையில், ஒரு பாய் தூரத்தில் இருந்து கேட்ட குரலில் இருக்கிறது. கோயிலில் பூசை முடிந்து ஓதுவார் பண் எடுக்கும்போது, கற்தூணுக்குப் பக்கத்தில் நின்று கேட்டதில் இருக்கிறது. சென்னை ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமை மாலைகளில் தன் வீட்டிலேயே வாசித்தார்; பெரிய வித்துவான்கள் அந்தச் சிறிய இடத்துக்குப் போய் மூச்சடக்கி இருந்து கேட்டார்கள். அவர் வீணை அவ்வளவு மெல்லியது. எங்கள் இசையின் அளவு அது: ஒரு சிறிய அறை, இரண்டு மீற்றர் தூரம், ஒரு மனிதக் குரல் அல்லது நான்கு தந்தி. நூறு பேர் வாசிக்கும் சிம்பொனியை ஒரு வீட்டு அறைக்குள் கொண்டுவருவது உண்மையில் நடக்காத காரியம். எந்தப் பெட்டியும் அதைச் சுருக்கித்தான் தர முடியும். தனம்மாளின் வீணையைச் சுருக்க வேண்டியதில்லை. அது முதலே அறையளவில்தான் இருந்தது.

அப்படியானால் எங்களுக்குத் தேவை சின்னப் பெட்டி. கடைக்காரர் காட்டியதற்கு நேர் எதிர்.

*

இதைக் கணக்குப் போட்டும் பார்க்கலாம். டபிள் பேஸின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ். ஓர்கனின் 32 அடிக் குழாய் 16 ஹெர்ட்ஸ். இவற்றை எழுப்பத்தான் பெரிய கூம்பும் பெரிய பெட்டியும் பெரிய விலையும். ஒரு கட்டையில் பாடும் ஆண் குரலின் ஆதார சட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். மந்தர பஞ்சமம் வரை இறங்கினாலும் 98. ஐந்து கட்டையில் பாடும் பெண் குரலின் சட்ஜம் 196. மிருதங்கத்தின் தொப்பி மட்டும் இதற்குக் கீழே கொஞ்சம் வேலை வைக்கும்.

எங்கள் வீடு மவுண்ட் ரொஸ்கிலில். பலகைச் சுவர், கட்டைகளின் மேல் நிற்கும் மரத் தரை. முன்னறை நான்கு மீற்றருக்கு மூன்றரை, உயரம் 2.4 மீற்றர். ஒவ்வோர் அறைக்கும் அதன் நீள அகல உயரத்துக்கு ஏற்ப, தானாகப் பாடும் சில சுரங்கள் உண்டு. எங்கள் அறைக்கு அவை 43, 49, 71 ஹெர்ட்ஸில் விழுகின்றன. பெரிய பெட்டி அங்கேதான் போய்த் தட்டும். அப்போது கேட்பது மிருதங்கம் இல்லை, வீடு. யாழ்ப்பாணத்துக் கல்வீட்டில் இந்தப் பிரச்சினை ஒரு மாதிரி, ஓக்லாந்துப் பலகை வீட்டில் இன்னொரு மாதிரி. பக்கத்து வீட்டு சமோவன் குடும்பத்தாரோடு நல்லுறவு பேண விரும்பினாலும் சின்னப் பெட்டிதான் உத்தமம்.

ஒலிபெருக்கியைச் சோதிக்க நான் மூன்று சோதனைகள் வைத்துக்கொண்டேன். மூன்றும் எங்கள் வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் காதறிவிலிருந்து வந்தவை.

முதலாவது தம்புரா. மந்தர சட்ஜத் தந்தியை மீட்டினால், ஜீவா நூல் சரியாக இருந்தால், யாரும் மீட்டாத ஒரு காந்தாரம் அதற்குள்ளிருந்து தானாக எழும். சுயம்பு காந்தாரம் என்பார்கள். அது தந்தியின் நான்காவது மேற்சுரம். பாடகர் மூச்செடுக்கும் இடைவெளியில் அந்தக் காந்தாரம் பெட்டியிலிருந்து கேட்கிறதா? பல விலை உயர்ந்த பெட்டிகளில் தம்புரா ஒரு மினுமினுப்பாக மட்டும் வந்தது. தங்கமூலாம் பூசியதுபோல. அழகாக இருந்தது, காந்தாரம் இல்லை.

இரண்டாவது மிருதங்கம். வலந்தலையில் மீட்டுச் சொல் விழும்போது அது தட்டலாகக் கேட்கக் கூடாது. பாடகரின் சட்ஜமாகக் கேட்க வேண்டும். தொப்பியில் கும்கி கொடுக்கும்போது கை வழுக்குவது தெரிய வேண்டும். இரண்டும் ஒரே முழக்கமாகக் கலந்தால் அந்தப் பெட்டியை அந்த இடத்திலேயே விட்டுவிடலாம்.

மூன்றாவது, ழகரம். யாழ்ப்பாணத்துப் பேச்சில் நாங்கள் அதைப் பெரும்பாலும் ளகரமாகத்தான் சொல்கிறோம். தேவாரம் ஓதும்போது மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. ழ, ள, ல மூன்றையும் காது பிரித்தறிவது குரலின் அடிச் சுரத்தால் இல்லை. அதற்கு மேலே, 1500 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரை நிகழும் நாக்கின் அசைவால். சாதாரண இரட்டைக் கூம்புப் பெட்டிகளில் பெரிய கூம்பு தன் வேலையைச் சின்னக் கூம்பிடம் ஒப்படைக்கும் இடமும் பெரும்பாலும் அதே பகுதிதான். சட்ஜத்தை ஒருவர் பாட, ழகரத்தை இன்னொருவர் உச்சரிப்பதுபோல ஆகிவிடும். கைமாறும் இடத்தில் தையல் தெரிந்தால் சாகித்தியம் கிழிகிறது. ஆங்கிலச் சஞ்சிகைகளில் ஒலிபெருக்கிக்கு மதிப்புரை எழுதுபவர்கள் மேடையின் அகலம், ஆழம், வயலின் கூட்டத்தின் பட்டுத்தன்மை என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அவர்களுக்கு அது முக்கியம்தான். ஆனால் சொல் புரிகிறதா என்று எழுதியவர்களை நான் அதிகம் காணவில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அது ஒரு வானொலி நிலையத்திலிருந்து வந்தது. எழுபதுகளில் பி.பி.சி.யின் ஆராய்ச்சிப் பிரிவு வெளிக்கள ஒலிபரப்பு வண்டிகளுக்காக எல்.எஸ். 3/5ஏ என்ற சிறிய பெட்டியை வடிவமைத்தது. முப்பது சென்ரிமீற்றர் உயரம். நெருக்கமான வண்டிக்குள் இருக்கும் பொறியியலாளர், அறிவிப்பாளரின் குரல் சரியாகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். அதுதான் அதன் வேலை. பி.பி.சி.க்காரர்கள் இசையோடு மனிதப் பேச்சையும் வைத்தே தங்கள் பெட்டிகளைச் சோதித்தார்கள். அறிமுகமான ஒருவரின் பேச்சை நேரிலும் பெட்டி வழியாகவும் மாறி மாறிக் கேட்டு ஒப்பிட்டார்கள். பேச்சில் பொய் சொல்வது கடினம். தாயின் குரலைத் தொலைபேசியில் ஒரு “ம்” சொன்னதும் அறிந்துவிடும் காதை எந்த மினுமினுப்பாலும் ஏமாற்ற முடியாது. அந்த வழியில் வந்த ரோஜேர்ஸ், ஸ்பெண்டோர், ஹார்பெத் போன்ற பெயர்கள் இன்றும் பழைய பொருள் சந்தையில் கௌரவத்தோடு இருக்கின்றன.

அதற்கும் குறை உண்டு. அடித்தளம் இல்லாததை மறைக்க, நூறு ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே ஒலியைக் கொஞ்சம் ஊதிவிட்டிருக்கிறார்கள். எம். டி. ராமநாதனைப் போட்டால் அவர் இன்னும் ஒரு சுற்றுப் பருத்துவிடுவார். உரக்க வைத்தால் திணறும். தவிலை அதில் கேட்கவே கூடாது. அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தோடு தட்சிணாமூர்த்தியின் தவில் சேர்ந்த ஒலி, தேர் வீதிக்கும் வெட்டவெளிக்கும் உரியது. அதை எந்த வீட்டுப் பெட்டியும் கொண்டுவந்ததில்லை. கோயில் திருவிழாவில் பனைமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி அதைக் கீச்சிட வைத்தாலும், தூரத்தையாவது தந்தது. சில ஒலிகளுக்கு வீடு பொருந்தாது என்று ஒப்புக்கொள்வதும் தெரிவின் ஒரு பகுதி.

*

பெட்டியைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, அதற்குள் போடும் பதிவைப் பற்றிப் பேசாமல் விடுவது நியாயமாகாது.

நாங்கள் உயிராக நினைக்கும் பதிவுகளில் மிகப் பல மோனோ. தனம்மாளின் கொலம்பியா இசைத்தட்டுகள், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, திருச்சி வானொலியிலும் சென்னை வானொலியிலும் ஒலித்த கச்சேரிகள், யாரோ ஒரு ரசிகர் கல்யாண வீட்டில் ஸ்பூல் நாடாவில் பிடித்தவை. மின்முறையில் பதிந்த பழைய 78 சுற்று இசைத்தட்டில் ஐந்தாறு ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் இரைச்சலைத் தவிர அதிகம் இல்லை. இருபதாயிரம் ஹெர்ட்ஸ் வரை பாடும் பெட்டி வாங்கி அதில் இதைப் போட்டால், மேலே கிடைப்பது எண்ணெயில் கடுகு வெடிக்கும் சத்தம்தான். ஆனால் நடுவில் இருக்கும் குரல் முழுமையாக இருக்கிறது. ஒரே ஒலிவாங்கி; அதைச் சுற்றி எல்லோரும் அவரவர் தூரத்தில். யார் எவ்வளவு கேட்க வேண்டும் என்பதைக் குமிழ் தீர்மானிக்கவில்லை, இருந்த இடம் தீர்மானித்தது.

இன்றைய கலையகப் பதிவுகள் சுத்தமானவை. இருமல் இல்லை, பாத்திரச் சத்தம் இல்லை, இரைச்சல் இல்லை. ஆனால் பலவற்றில் ஒரு பழக்கம் கண்டேன். குரலுக்கு மேலே ஒரு பெரிய மண்டபத்தின் எதிரொலியைப் பூசுகிறார்கள். அந்த எதிரொலியில் கமகத்தின் ஓரங்கள் மழுங்குகின்றன. தோடியின் காந்தாரம் அசைந்த இடமும் நின்ற இடமும் ஒன்றாகின்றன. தம்புராவைத் திரைச்சீலைபோல இரு பக்கமும் விரிக்கிறார்கள். மிருதங்கத்தின் வலந்தலை இடது பெட்டியிலும் தொப்பி வலது பெட்டியிலும் கேட்ட பதிவு ஒன்றும் என்னிடம் இருக்கிறது. வாசித்தவருக்குக் கை நான்கு மீற்றர் நீளம் இருந்திருக்க வேண்டும். சின்ன அறைக்குரிய இசையைப் பெரிய மண்டபத்துக்குரியதாக வேடம் கட்டி, அதை மீண்டும் சின்ன அறையில் கேட்கும்படி விற்கிறார்கள். நல்ல ஒலிபெருக்கி இதை மன்னிக்காது. அதனால்தானோ என்னவோ, எங்கள் ஆட்கள் பலருக்கு நல்ல ஒலிபெருக்கி பிடிப்பதில்லை.

*

ட்ரேட் மீயில் இரண்டு மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ரிற்றிராங்கியில் ஒரு வயோதிபரிடம் அந்த பி.பி.சி. வழியில் வந்த சின்னப் பெட்டிச் சோடி ஒன்று கிடைத்தது. மரங்களுக்கு நடுவே வீடு. சோதித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் இசைத்தட்டு எதையும் எடுக்கவில்லை, வானொலியைத் திருப்பினார். ஆர்.என்.இசட். கொன்சேர்ட். 2020இல் அதைப் பண்பலையிலிருந்து எடுக்கப் போகிறோம் என்று அறிவித்தபோது, முன்னாள் பிரதமர் ஹெலன் கிளார்க் உட்படப் பலரும் கிளர்ந்தெழுந்து சில நாட்களிலேயே திட்டத்தைக் கைவிடச் செய்த அதே அலைவரிசை. அறிவிப்பாளர் பெண்மணி அடுத்து வரப்போகும் இசையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசி முடிந்ததும், இசை தொடங்க முன்னரே, கிழவர் வானொலியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். போதும்தானே என்பதுபோல. போதும்.

வீட்டில் முன்னறையில் முறைப்படி இரண்டையும் வைத்தேன். சுவரிலிருந்து தள்ளி, காது உயரத்தில், அப்பாவின் கதிரையோடு முக்கோணமாக. மனைவி முக்கோணத்துக்கு நடுவில் இருந்த மேசையை அகற்ற ஒரு கிழமை அவகாசம் கேட்டு, பிறகு தந்தார். தேசிகரைப் போட்டேன். எனக்கு நன்றாக இருந்தது. சுயம்பு காந்தாரம் தேட அந்தப் பதிவில் இடமில்லை. ஆனால் குரல் சுவரைவிட்டு வெளியே வந்து இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் நின்றது.

“இப்ப எப்பிடி?”

“பரவாயில்லை. தேசிகர் எண்டு தெரியுது. சொல்லுத்தான் பிடிபடேல்லை.”

அடுத்த சில நாட்கள் நான் வாசித்தேன். இரண்டு பெட்டிகளில் ஒரே ஒலி வரும்போது குரல் நடுவில் நிற்பதாகத் தோன்றுவது ஒரு மாயை. இடது பெட்டியின் ஒலி இடது காதுக்கு வந்து, ஏறத்தாழக் கால் மில்லிசெக்கன் பிந்தி வலது பெட்டியின் ஒலியும் தலையைச் சுற்றி அதே காதுக்கு வருகிறது. 2000 ஹெர்ட்ஸில் ஓர் அலை முடிய அரை மில்லிசெக்கன். ஆகவே கால் மில்லிசெக்கன் பிந்துவது என்றால் ஒன்றின் மேடும் மற்றதின் பள்ளமும் சந்திக்கின்றன, ஒன்றையொன்று தின்கின்றன. நடுவில் நிற்கும் குரலில், சரியாக அந்த இடத்தில் ஒரு குழி விழுகிறது. ழகரம் வசிக்கும் இடத்தில். இளம் காது அந்தக் குழியை மேலும் கீழும் உள்ளதை வைத்து நிரப்பிக்கொள்ளும். மேலே ஒன்றுமில்லாத 84 வயதுக் காது எதை வைத்து நிரப்பும்?

காதுக் கருவியும் தன் பங்குக்குக் குழப்பியது. அது பேச்சுக்காகச் செய்யப்பட்டது. நீண்டு ஒலிக்கும் ஒரே சுரத்தைக் கேட்டால், தன் கீச்சுச் சத்தம் என்று நினைத்து அதை அழுத்த முயலும். தம்புராவுக்கும் அதன் நோய்க்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. மருத்துவரிடம் கேட்டு இசைக்கென ஒரு தனி அமைப்பைப் போட்டுத் தரச் செய்தேன்.

பிறகு வலது பெட்டியின் கம்பியைக் கழற்றினேன். இடது பெட்டியை அப்பாவின் கதிரைக்கு எதிரே, ஒன்றரை மீற்றர் தூரத்தில், நேராக வைத்தேன். மோனோப் பதிவு. ஒற்றைப் பெட்டி. ஊரில் எங்கள் வீட்டு வால்வு வானொலியும் ஒற்றைப் பெட்டிதான். அதன் முன்னால் அவர் இருந்த தூரமும் கிட்டத்தட்ட இதுதான்.

அந்த வானொலிக்கு 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றதோடு வாய் அடைத்தது. பற்றரியும் கிடைக்காது. எல்லா வீடுகளிலும் செய்ததுபோல நாங்களும் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து கம்பி இழுத்து, ஒரு சின்ன ரேப் ரெக்கோடரை ஓட வைத்தோம். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. முதலில் செய்தி, பிறகு ஒரு தேவாரக் கசற்றின் ஒரு பக்கம். கை களைத்தால் மோட்டார் மந்தமாகும். தேசிகரின் குரல் கட்டை கட்டையாக இறங்கும். அப்பா கண்ணை மூடியபடியே சொல்வார், “தம்பி, சுருதி இறங்குது.” நான் வேகமாகச் சுற்றுவேன். இப்போது கடைகளில் துல்லியம் என்று எதையெல்லாமோ விற்கிறார்கள். நான் முதன்முதலில் அறிந்த துல்லியம் என் வலது தோள்மூட்டில் இருந்தது.

ஒற்றைப் பெட்டியில் பதிகம் தொடங்கியது. நான் குசினிக்குப் போய்விட்டேன். முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்காகவேனும் நல்லாயிருக்கு என்பார். கேத்தல் கொதித்தது. முதலாவது பாட்டு முடிந்தது, இரண்டாவது முடிந்தது. சத்தமில்லை. நித்திரையாகிவிட்டார் என்று நினைத்தேன். நாலாவது பாட்டின் நடுவில் முன்னறையிலிருந்து குரல் வந்தது.

“தம்பி, சுருதி இறங்குது.”

தேத்தண்ணியை வைத்துவிட்டு வந்தேன். எனக்கு ஒன்றும் வித்தியாசமாகக் கேட்கவில்லை. கைபேசியில் தம்புராவை வைத்து, பதிவின் தொடக்கத்தையும் முடிவையும் ஒத்துப் பார்த்தேன். யாரோ நாடாவிலிருந்து மாற்றும்போது வேகம் தளர்ந்திருக்கிறது. கால் கட்டைக்கும் குறைவு. நான் அந்தப் பதிவை நூறு தடவையாவது கேட்டிருப்பேன், கவனித்ததில்லை.

“ஓம் அப்பா, கொஞ்சம் இறங்குது.”

“கொஞ்சமில்லை,” என்றார். “முதலிலை இருந்து போடு.”

இப்போது வலது பெட்டி அலுமாரியின் மேல் இருக்கிறது. விருந்தாளிகள் வந்தால் ஏன் ஒன்றுதான் வேலை செய்கிறது என்று கேட்கிறார்கள்.